மாணவர் சிறுகதைப் போட்டி: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்க நெருங்க என் கைப்பேசிக்கு ஓய்வு இருக்காது. "டீச்சர், பிள்ளை சிறுகதைப் போட்டியில சேரணும்னு ஆசைப்படுறா, எப்படித் தொடங்குறது?" என்று ஓர் அம்மா கேட்பார். அடுத்து ஓர் அப்பா, "நான் கொஞ்சம் எழுதிக் கொடுத்தா தப்பா டீச்சர்?" என்பார். உயர்நிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். இப்போது மாணவர்களுக்குக் கதைப் பட்டறை நடத்துகிறேன். போட்டிகளுக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் அவ்வப்போது செய்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. சொல் எண்ணிக்கை, வயதுப் பிரிவு, கடைசி நாள் எல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். அவற்றை ஏற்பாட்டாளர் தரும் விதிமுறையில்தான் பார்க்க வேண்டும். எந்தப் போட்டிக்கு எழுதினாலும் பொருந்தும் விஷயங்களை மட்டும் நான் சொல்கிறேன்.

என் மகன் கட்டுரையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறான். கதை எழுதுவதும் அது போலத்தானே?

பாதி சரி. மொழி கைவசம் இருப்பது பெரிய பலம்தான். ஆனால் தேர்வுக் கட்டுரையை எழுதும் பழக்கமே சில பிள்ளைகளுக்குக் கதையில் தடையாகிவிடுகிறது.

தேர்வில் மொழிவளத்துக்கு மதிப்பெண் உண்டு. அதனால் மரபுத்தொடர், இணைமொழி, பழமொழி என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து ஆங்காங்கே செருகப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். கதைக் கட்டு ஒன்றைப் பிரித்தால், "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்" என்று ஐந்தாறு கதைகளாவது தொடங்கும். நடுவில் யாருக்காவது "இடியோசை கேட்ட நாகம் போல" நடுக்கம் வரும். கடைசியில் எல்லாரும் "மகிழ்ச்சிக் கடலில்" மூழ்குவார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்லிக்கொடுத்த வரிகள்தாம் இவை. தேர்வறையில் அவை உதவும். கதையில் அவை எழுதியவரின் முகத்தை மறைத்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குமரன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடப்பான், கார் மோதும், ஆம்புலன்ஸ் வரும், மருத்துவமனையில் கண்விழிப்பான், தன் தவற்றை உணர்ந்து கண்ணீர் விடுவான். இந்தக் கதை எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். குமரன் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கவிதா என்று போட்டாலும் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. குமரன் யார், அவன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவான், கைப்பேசியில் அப்படி என்ன பார்த்தான் என்று எதுவும் நமக்குத் தெரிவதில்லை. தெரியாத ஆளுக்கு அடிபட்டால் படிப்பவருக்கு வலிக்காது.

எதைப் பற்றி எழுதுவது? எங்கள் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லையே.

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. பள்ளி, துணைப்பாட வகுப்பு, வீடு, மறுபடியும் பள்ளி. இதில் கதை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் உண்மையாகவே நினைக்கிறார்கள். ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒரு மாணவி வங்கிக் கொள்ளையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி, முகமூடி, போலீஸ் கார் எல்லாம் வந்துவிட்டன.

"நீ வங்கிக்குள்ள போயிருக்கியாம்மா?"

"ஏடிஎம்முக்குப் போயிருக்கேன் டீச்சர்."

"சரி, கொள்ளையைக் கொஞ்சம் விடு. நேத்து சனிக்கிழமை காலையில உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல டீச்சர். அப்பா தூங்கினாரு."

"பகல்லயா?"

"அவருக்கு செக்யூரிட்டி வேலை, நைட் ஷிஃப்ட். காலையில ஒன்பது மணிக்கு வந்து தூங்குவாரு. நாங்க சத்தம் போடக்கூடாது."

எப்படிச் சத்தம் போடாமல் இருப்பீர்கள் என்று கேட்டேன். அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. படுக்கையறைத் திரைச்சீலைகள் இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சம் கசியாமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப்பை அம்மா மாட்டிவிடுவாராம். குக்கர் விசில் அடிக்கப்போகும் நேரம் அம்மாவுக்குத் தெரியுமாம். அதற்கு முன்பே ஓடிப்போய் அடுப்பைத் தணிப்பாராம். தம்பி தொலைக்காட்சியைச் சத்தமே இல்லாமல் வைத்துக் கார்ட்டூன் பார்ப்பானாம். வாயசைவைப் பார்த்து அவனாகவே ஒரு வசனத்தைக் குசுகுசுவென்று சொல்லிக்கொள்வானாம். மேல்வீட்டில் சுவரில் துளைபோடும் சத்தம் கேட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அறைக் கதவைப் பார்ப்பார்களாம்.

"ஒண்ணும் நடக்கல" என்று சொன்ன பிள்ளை இதைப் பத்து நிமிடம் சொன்னாள். சுற்றியிருந்த மற்றப் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருநாள் தம்பி அடக்க முடியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டதுதான் அவள் எழுதிய கதை. கொள்ளைக்காரர்கள் போனார்கள். அந்தக் கிளிப் கதைக்குள் வந்தது.

ஆகவே எதைப் பற்றி எழுதலாம் என்று மேலே பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் ஒன்றைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதது, வகுப்புத் தோழனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது எதுவோ அதுதான் உங்கள் கதை. தாத்தா காப்பிக்கடையில் எப்போதும் ஒரே மேசையில் உட்கார்வதாக இருக்கலாம். வீட்டுப் பணிப்பெண் தன் மகளோடு காணொளியில் பேசும்போது முதுகைத் திருப்பிக்கொள்வதாக இருக்கலாம். அண்ணன் தேசிய சேவைக்குப் போன பிறகு அவன் கட்டிலில் யார் படுப்பது என்ற சண்டையாகவும் இருக்கலாம்.

ஏற்பாட்டாளர் கருப்பொருளோ தொடக்க வரியோ படமோ கொடுத்திருந்தால்?

அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆனால் மனத்தில் முதலில் தோன்றும் கதையை எழுதாதீர்கள். முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றும். 'மழை' என்றால் குடை, 'நட்பு' என்றால் சண்டையும் சமாதானமும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவதை எடுங்கள்.

தொடக்க வரி கொடுத்திருந்தால் அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். இதில் தவறி, நல்ல கதைகள் முதல் சுற்றிலேயே விழுந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

சொல் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது?

கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல்லை எண்ணுகிறது. தமிழில் அது கொஞ்சம் ஏமாற்றும். 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'பார்த்துக் கொண்டிருந்தான்' என்று பிரித்தால் இரண்டு. எப்படி எழுதினாலும் கதை முழுக்க ஒரே முறையில் எழுதுங்கள். வரம்புக்குள் அடக்குவதற்காகச் சொற்களை ஒட்டிவைக்க வேண்டாம். படிப்பவருக்கு அது உடனே தெரியும்.

எண்ணிக்கை கூடிவிட்டால் எதை வெட்டுவது? பெரும்பாலும் முதல் பத்தியை. ஆசிரியர்கள் இதைக் கேட்டால் சங்கடப்படலாம், ஆனாலும் சொல்கிறேன்: வானிலை வருணனை, காலையில் எழுந்து பல் துலக்கியது, பள்ளிக்குப் பேருந்தில் போனது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிக்கல் தொடங்கும் இடத்திலேயே கதையைத் தொடங்கிப் பாருங்கள். பத்தில் எட்டுக் கதைகள் அப்போதே நிமிர்ந்து உட்காரும்.

நானூறு ஐந்நூறு சொற்களுக்குள் ஒருவரின் பத்து ஆண்டு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஒரு மாலைப்பொழுதைச் சொல்லலாம். மின்தூக்கி பன்னிரண்டாம் மாடிக்கு ஏறும் நேரத்துக்குள் நடப்பதையும் சொல்லலாம்.

உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதலாமா? ஆங்கிலம், மலாய்ச் சொற்கள் வந்தால்?

எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். நம் பள்ளிப் பாடத்திட்டமே பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத்தமிழை வகுப்பறையில் வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வகுப்பில் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, கதையில் பாட்டியை "நீ உணவு உட்கொண்டாயா?" என்று கேட்க வைப்பது நியாயமா? எந்தப் பாட்டியும் அப்படிக் கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார்.

கதையைச் சொல்லும் குரல் எழுத்துத்தமிழில் இருக்கட்டும். கதைமாந்தர் வாய் திறக்கும்போது அவரவர் பேச்சில் பேசட்டும். பேச்சு ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக ஈசூனில் இருக்கும் மாமா ஒருவிதமாகப் பேசுவார். இங்கேயே பிறந்து செம்பவாங் பக்கம் வளர்ந்த தாத்தா வேறுவிதமாகப் பேசுவார். அந்தத் தாத்தா கிராமத்து வீட்டைக் 'கம்பத்து வீடு' என்பார், சந்தையைப் 'பாசார்' என்பார், கோபம் வந்தால் 'ரோத்தான்', அதாவது பிரம்பு, எடுப்பேன் என்பார். இவை நம் ஊர்த் தமிழில் கலந்துவிட்ட மலாய்ச் சொற்கள். அவற்றை நீக்கினால் தாத்தாவே காணாமல் போய்விடுவார்.

ஆங்கிலச் சொல் வந்தால் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான். உரையாடல் முழுவதும் ஆங்கிலமாக இருந்தால் அது தமிழ்க்கதை ஆகாது. எண்ணம் தடைப்படாமல் இருக்க ஒரு சொல் தேவைப்பட்டால் இருக்கட்டும். அடுக்குமாடிக் கட்டடத்தைப் 'புளோக்' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம், அதை மாற்ற வேண்டியதில்லை.

வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம். என் மகளால் தமிழில் கதை எழுத முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பல பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். குற்றவுணர்வு வேண்டாம். நீங்கள் தனியாக இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு 3.3 விழுக்காடாக இருந்தது. நம் வகுப்பறைகளில் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதலில் எழுதாதே, சொல். பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கைப்பேசியில் கூப்பிட்டு உன் கதையைத் தமிழில் சொல். சொல் தெரியாத இடத்தில் அவரைக் கேள். அவர் தரும் சொல்லைக் குறித்துக்கொள். அகராதியில் தேடி எடுத்த சொல்லைவிடப் பாட்டி கொடுத்த சொல் வரியில் நன்றாகப் பொருந்தும். ஒரு பையன் 'நீர்க்கசிவு' என்று எழுதியிருந்தான். பாட்டியிடம் கேட்டபோது "சீலிங் ஒழுகுதுன்னு சொல்லுப்பா" என்றாராம். 'ஒழுகியது' என்று மாற்றினான். வரிக்கு உயிர் வந்தது.

சின்னச் சின்ன வாக்கியமாக எழுதட்டும். எளிய தமிழுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

எழுத்துப்பிழை இருந்தால் கதையைத் தள்ளிவிடுவார்களா?

இரண்டு மூன்று பிழைக்காக நல்ல கதையை நான் தள்ளியதில்லை. ஆனால் பொருளையே மாற்றும் பிழைகள் உண்டு. 'பள்ளிக்கு ஓடினான்' என்பது 'பல்லிக்கு ஓடினான்' ஆகிவிட்டால், உருக்கமான இடத்தில் படிப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மனம், மணம், கரை, கறை, விலை, விளை, இவற்றை ஒருமுறை தனியாகச் சரிபாருங்கள். பிறகு கதையை உரக்கப் படியுங்கள். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியமும் தடுக்கிக் கிடக்கும். வல்லினம் மிகும் இடங்கள் சிலவும் காதிலேயே தெரிந்துவிடும்.

கையால் எழுதலாமா, தட்டச்சு செய்ய வேண்டுமா?

பல போட்டிகள் தட்டச்சு செய்த படியையே கேட்கின்றன. கைப்பேசிகளில் இப்போது தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டித் தமிழைப் பெறும் அஞ்சல் முறை சிறு பிள்ளைகளுக்கு எளிது. தொடர்ந்து தமிழில் எழுதப்போகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டியது இன்னொரு கணினியில் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1990களில் தமிழ் இணையத்தில் ஏறப் பாடுபட்ட முன்னோடிகளில் ஒருவர் நம் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 1999இல் மறைந்தார். அவரும் ஒரு சிறுகதை எழுத்தாளர்தான். உங்கள் பிள்ளை கைப்பேசியில் ஒரு தமிழ் வரியைத் தட்டும்போது இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோரோ துணைப்பாட ஆசிரியரோ திருத்திக் கொடுக்கலாமா?

எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டலாம். 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று சொல்லலாம். பேனாவை வாங்கி எழுதக் கூடாது.

கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. பெரியவர் கை பட்ட கதை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை 'முதுமையின் தனிமை' என்று எழுதாது. 'தாத்தா யாரும் பேசாதப்பவும் தலையை ஆட்டினார்' என்று எழுதும். இரண்டாவது வரி எவ்வளவு பெரிய வரி! அதை எந்தப் பெரியவராலும் எழுத முடியாது. அதை அடித்துவிட்டு முதல் வரியைப் போடும்போது, பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து அதன் கண்ணை மூடிவிடுகிறோம். அதைவிட மோசம், 'நான் எழுதினது போதாது போல' என்று அது நினைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு எழுத வராது.

உதவ ஆசை இருந்தால் கேள்வி கேளுங்கள். "அப்போ அறையில என்ன வாசனை?" "அவ கையில என்ன வச்சிருந்தா?" "தாத்தா உடனே பதில் சொன்னாரா, கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாரா?" பதிலைப் பிள்ளையே எழுதட்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா?

விதிமுறை கூடாது என்றால் கூடாது. விதிமுறை ஒன்றும் சொல்லாவிட்டாலும், கதையை அதனிடம் எழுதி வாங்கி உங்கள் பெயரில் அனுப்பினால் அது உங்கள் கதை அல்ல. சில போட்டிகளில் பரிசுக்குத் தேர்வான பிள்ளையிடம் கதையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். சொந்தக் கதையை எழுதிய பிள்ளை விடாமல் பேசும். எழுதாத பிள்ளை அங்கே படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காது. பதின்மூன்று வயதில் அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

கதை சிங்கப்பூரில்தான் நடக்க வேண்டுமா?

விதிமுறை கேட்டால் ஒழியக் கட்டாயம் இல்லை. ஆனால் நேரில் பார்த்த இடத்தை எழுதுவது எளிது. தமிழ்நாட்டுக் கிராமத்தைப் பற்றி எழுதும் பிள்ளைகள் பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அங்கே எப்போதும் ஆலமரமும் பஞ்சாயத்தும்தான் இருக்கும். விடுமுறையில் உண்மையாகவே ஊருக்குப் போய்வந்த பிள்ளை எழுதினால் வேறு மாதிரி இருக்கும். பாட்டி வீட்டில் மின்சாரம் போன இரவு, தன்னை எல்லாரும் 'சிங்கப்பூர்ப் பிள்ளை' என்று கூப்பிட்டதில் வந்த கூச்சம் என்று எழுதும். அது இரண்டு ஊர்க் கதை, அதையும் தாராளமாக எழுதலாம்.

இங்கே மாணவர்கள் கதை எழுதுவது புதிதாக வந்த பழக்கமா?

இல்லை. இந்த ஊரில் தமிழ் அச்சேறிய வரலாறு நீண்டது. சிங்கை நேசன் இதழ் 1887இலேயே வெளிவந்தது. கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1950களில் அந்த நாளிதழில் மாணவர்களுக்கென்றே 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளாக அதில் எழுதத் தொடங்கிய பலர் பின்னாளில் இந்நாட்டின் எழுத்தாளர்கள் ஆனார்கள். உங்கள் பிள்ளை சேர்வது அந்த வரிசையில்தான்.

எதைப் படித்தால் கதை எழுத வரும்?

போன முறை பரிசு பெற்ற கதைகளை மட்டும் படிக்காதீர்கள். அவற்றைப் படித்தால் அவற்றைப் போலவே எழுதத் தோன்றும்.

நம் ஊர்க் கதைகளைப் படியுங்கள். இராம. கண்ணபிரான், சிங்கை மா. இளங்கண்ணன், புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன், ஜே.எம். சாலி ஆகிய நால்வரும் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றவர்கள். இவர்கள் எழுதியதில் உங்கள் பிள்ளை நடக்கும் தெருக்களின் பழைய முகம் இருக்கும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் இருக்கும் லீ கொங் சியன் மேற்கோள் நூலகத்தில் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் இருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், இரவல் எடுக்க முடியாது. இரவல் வேண்டுமானால் வட்டார நூலகங்களின் தமிழ்ப் பகுதிக்குப் போங்கள். வீட்டிலிருந்தே படிக்கவும் வழி இருக்கிறது. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்தின் வழியாக வெளியிட்டார்கள். தொண்டூழியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த வேலை அது. அதைத் திறந்து பார்க்கும் மாணவர்கள் இன்னும் பெருக வேண்டும் என்பது என் ஆசை.

ஒரே நாளில் ஒரு கதை போதும். படித்து முடித்ததும் நினைவில் நிற்கும் ஒரு பொருளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். குடையோ செருப்போ தட்டோ எதுவானாலும் சரி.

ஒரே கதையை இரண்டு போட்டிகளுக்கு அனுப்பலாமா?

கூடாது. முடிவு தெரியும்வரை காத்திருங்கள். பரிசு இல்லை என்று ஆனபின் திருத்தி வேறு போட்டிக்கு அனுப்பலாம், அந்த விதிமுறை அனுமதித்தால்.

கதையின் உரிமை யாருக்கு?

எழுதிய பிள்ளைக்கு. வயது குறைவு என்பதால் பதிப்புரிமை இல்லாமல் போவதில்லை. சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளுக்கும் படைப்பைப் பாதுகாக்கிறது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் அது தருகிறது. ஆனால் பெற்றோர் விதிமுறையைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும். 'கதையை நூலில் வெளியிட ஏற்பாட்டாளருக்கு அனுமதி உண்டு' என்பது ஒன்று. 'பதிப்புரிமை முழுவதும் ஏற்பாட்டாளரைச் சேரும்' என்பது முற்றிலும் வேறு. இரண்டாவது மாதிரி இருந்தால் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நடுவர்கள் கதைகளை எப்படிப் படிக்கிறார்கள்?

மற்றவர்களைப் பற்றி நான் சொல்ல முடியாது. நான் காலையில் படிப்பேன், ஒரே மூச்சில் பதினைந்துக்கு மேல் படிக்கமாட்டேன். களைத்துப்போன கண்ணுக்கு நல்ல கதையும் தப்பிவிடும். முதல் சுற்றில் மதிப்பெண் போடமாட்டேன். மறுநாள் காலை, தாளைப் பார்க்காமல் எந்தக் கதை நினைவுக்கு வருகிறது என்று எழுதிவைப்பேன். பிறகுதான் மொழி, அமைப்பு எல்லாம். எழுதியவர் பெயரும் பள்ளியும் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும். அதனால் கதைத் தாளில் பெயரை எழுதிவிடாதீர்கள். பெயரைப் படிவத்தில் மட்டும் எழுதுங்கள்.

முடிவில் நீதி சொல்ல வேண்டுமா?

வேண்டாம்.

பரிசு கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?

இரண்டு நாள் வருத்தப்படட்டும். அது இயல்புதான். பிறகு அந்தக் கதையைத் தூக்கிப் போடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எங்கே சறுக்கியது என்று பிள்ளைக்கே தெரியும்.

எழுதிக்கொண்டே இருக்க இடங்கள் இருக்கின்றன. 1976இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் 'கதைக்களம்' நடத்திவருகிறது. கதை எழுதி அனுப்பலாம், நேரில் உட்கார்ந்து மற்றவர்கள் கதையைப் பற்றிப் பேசுவதையும் கேட்கலாம். ஒரு கதையைப் பெரியவர்கள் இத்தனை அக்கறையோடு பிரித்துப் பேசுவதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் புது அனுபவம். வளர்ந்த பிறகு, 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதுப் போட்டி இருக்கிறது. அங்கே தமிழ்ச் சிறுகதைக்கும் கவிதைக்கும் தனிப் பிரிவுகள் உண்டு.

அப்பா தூங்கும் கதையை எழுதிய அந்த மாணவிக்குப் பரிசு கிடைத்ததா?

பட்டறையில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கிக் கேட்கும். கிடைக்கவில்லை. இறுதிப் பட்டியலில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். பல வாரம் கழித்து அவள் என்னைப் பார்க்க வந்தாள். அச்சடித்த கதையை அப்பாவிடம் கொடுத்தாளாம். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், சீருடையோடு நின்றபடியே படித்தாராம். ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் வந்ததும் அவளை எழுப்பினாராம். "ஒன்பது மணிக்கு வருவேன்னு எழுதியிருக்க. நான் எட்டேகாலுக்கே வந்துடுறேன்மா. நீதான் தூங்கிட்டு இருப்ப" என்றாராம்.